கிளம்புவதற்கு ஒரு வாசல்

விருதுநகர் வணிகர் காலனியில் சாயங்காலம் விளக்கு எரிகிற வீடுகளிலெல்லாம் ஆள் இருக்கிறது என்று நம்பினால் ஏமாந்துபோவீர்கள். பாதி வீடுகளில் விளக்கு மட்டும்தான் குடியிருந்தது. அந்த விளக்குகளை ஏற்றுகிறவள் வள்ளித்தாய். இடுப்பில் ஒன்பது வீட்டுச் சாவிகள். கொத்தின் கனத்தில் அவள் சேலை எப்போதும் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருக்கும். பூட்டிக் கிடந்தால் வீட்டில் மூதேவி வந்து உட்கார்ந்துகொள்வாள் என்று பயந்து, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் அவளை வைத்திருந்தார்கள். அம்மாவும் அப்பாவும் அதே வீட்டில் தனியாகக் கிடந்தபோது அவர்களுக்கு வராத பயம் அது.

பருப்பிலும் எண்ணெயிலும் வத்தலிலும் நிமிர்ந்தவர்கள் போட்டி போட்டுக்கொண்டு கட்டிய காலனி. மொசைக் தரை, வாசலில் கம்பிக் கதவு, மாடிக்கு வளைந்து ஏறும் படி. பிள்ளைகளை நன்றாகப் படிக்கவைத்தார்கள். நன்றாகப் படித்த பிள்ளைகள் என்ன செய்யுமோ அதைச் செய்தன, ஊரைவிட்டுப் போயின. நர்சரிப் பள்ளி நடந்த கட்டடத்தில் இப்போது மூட்டுவலிக்குக் கரண்ட் வைக்கிறார்கள். தெருமுனைக் கடையில் தேன்மிட்டாய் பாட்டில் இருந்த இடத்தில் பெரியவர்களுக்கான டயபரை அடுக்கியிருக்கிறார்கள். கேட்டுக்கு கேட் 'வீடு விற்பனைக்கு' என்று ஒரு பலகை, வெயிலில் எழுத்து வெளிறித் தொங்குகிறது. வாங்கத்தான் ஆள் இல்லை. இளவட்டங்களுக்கு பைபாஸ் பக்கம் புது வீடு வேண்டும். இவர்களுக்கோ பழைய விலையை விட மனசு வராது.

இத்தனை வீடு சும்மா கிடந்தும், வயசான ஆளுக்கு வாடகைக்கு ஓர் அறை கிடைக்காது என்பதுதான் கூத்து. வயசான ஆள் வந்தால் சாவும் கூடவே வரும் என்று பயம். அதிலும் சில நட்சத்திரங்களில் உயிர் போனால் அதற்கு அடைப்பு என்று பெயர். அந்த அறையை மாதக்கணக்கில் பூட்டிப்போட வேண்டும். அப்புறம் அந்த வீட்டை வாங்க வருகிறவன் வாசலிலேயே செருப்பைத் திருப்பிப் போட்டுக்கொள்வான். சாகாத வம்சத்தில் பிறந்தவர்கள் மாதிரி இந்தக் காலனிக்காரர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் எரிச்சலாக வரும்.

வள்ளித்தாயின் புருசன் ஊர்க்காவலன், தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்தவர். வாலிபத்தை எல்லாம் அந்தச் சாம்பல் நிறத் தூசியில் செலவழித்தார். தூசி நெஞ்சுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது. கிராமத்தில் இருந்த மண்வீடு ஒரு மழையில் உட்கார்ந்துபோக, இருவரும் காலனிக்கு வந்து, பலவேசம் அண்ணாச்சி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். மகள் ரோஜா திருப்பூரில், மாமியார் நாத்தனாரோடு ஒரே அறையில். அங்கே உட்காரவே இடமில்லை, படுக்க எங்கே.

சித்திரை வெயிலில் ஊர்க்காவலனுக்கு மூச்சு அடங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், "இனி ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். எந்த வீட்டுக்கு என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வரும் வழியில் ஊர்க்காவலன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏளா, ஒண்ணு கேக்கேன், செய்வியா?"

"என்ன?"

"நம்ம சுடலை போனப்ப பாத்தேல்ல? ஆஸ்பத்திரியிலருந்து மூட்டையாக் கட்டி நேரா சுடுகாட்டுக்குக் கொண்டுபோனாக. அவன் பொண்டாட்டிய அழக்கூட விடல. என்னைய அப்படி ஆக்கிராத. ஒரு வீட்டு வாசல்ல கெடத்தி, பக்கத்துல உக்காந்து நீ வாய்விட்டு அழணும். அம்புட்டுத்தான்."

சுடலை, அவரோடு வேலை பார்த்தவன். ஒரு வெடிவிபத்தில் போனவன். அதற்குப் பிறகு ஊர்க்காவலனுக்குச் சாவைப் பற்றி வேறு பயம் கிடையாது. இது ஒன்றுதான்.

"இது ஒரு பெரிய விசயமா? ஊருக்கெல்லாம் அழுறவ ஒங்களுக்கு அழமாட்டனா?" என்றாள் அவள். சொன்னதில் பொய் இல்லை. காலனியில் யாராவது தவறினால், பிள்ளைகள் விமானம் ஏறி வரும்வரை ஐஸ் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறவள் அவள்தான்.

அறைக்கு வந்து அவரைப் படுக்கவைத்த மறுநாளே பலவேசம் அண்ணாச்சி தடியை ஊன்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார். எண்பதைத் தொட்டவர். முகத்தைப் பார்க்காமல் முருங்கை மரத்தைப் பார்த்துப் பேசினார்.

"தப்பா எடுத்துக்கிடாத வள்ளித்தாயி. ஊர்க்காவலன் தங்கமான மனுசன். ஆனா எம் மவன் இந்த வீட்டை வெல பேசிக்கிட்டு இருக்கான். இந்த நேரத்துல இங்கன ஒண்ணு ஆயிப்போச்சுன்னா எவன் வாங்குவான்? நாளு சரியில்லாமப் போனா ஆறு மாசம் அடச்சுப் போடணும். அதுவரைக்கும் நான் இருப்பனோ என்னமோ."

"இந்த ஒடம்போட இவரைக் கூட்டிக்கிட்டு எங்கன போவேன் அண்ணாச்சி?"

"ஒன்னையப் போகச் சொல்லலயே. அவரை மட்டும் எங்கனயாச்சும் வச்சிரு. எல்லாம் முடிஞ்சதும் நீ வா, எப்பவும் போல இரு."

அண்ணாச்சியை வைய நினைத்தாள். ஆனால் அவரும் தடியை ஊன்றித்தான் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போய்விட்டாள்.

இடுப்பில் ஒன்பது வீடு தொங்குகிறது. ஒன்றிலாவது இடம் தராமலா போவார்கள் என்று போனை எடுத்தாள். சென்னையில் கடலைப் பார்த்த மாடிவீட்டில் இருக்கிற ஸ்ரீராம்குமார், ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். வீட்டைப் பற்றிய பேச்சு வந்ததும் சிக்னல் சரியில்லை என்றார். இன்னொருவர், மனைவியிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். அந்த மனைவி இன்றுவரை பதில் சொல்லவில்லை. வேறொருவர் உண்மையாகவே வருத்தப்பட்டு, இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னார். எல்லோருமே நல்லவர்கள்தான், அதுதான் கொடுமை. கெட்டவர்களாக இருந்தால் நாலு வார்த்தை வைதுவிட்டுப் போயிருக்கலாம்.

கடைசியாகப் பேசியது சிங்கப்பூரில் இருக்கும் பிரீத்திகாவிடம். நாலு வருசத்துக்கு முன்னால் அவள் அம்மா பொன்னுத்தங்கம் இங்கே தவறியபோது, பிரீத்திகா வந்து சேர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் வள்ளித்தாய் தலைமாட்டைவிட்டு எழவில்லை. அதுவும் அடைப்புச் சாவு. அன்று பூட்டிய வீடு, அடைப்பு முடிந்து சாந்தி செய்த பிறகும் விலை போகாமல் கிடந்தது.

விசயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே பிரீத்திகா குறுக்கிட்டாள். "எங்கம்மா நாதியில்லாமக் கெடந்தப்ப நீங்க அழுதீங்க. இதைக் கேக்கணுமாக்கா? இன்னைக்கே அண்ணனைக் கூட்டிட்டு வந்திருங்க."

வள்ளித்தாய்க்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது.

முன்னறையில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு அவரைக் கிடத்தினாள். ஊர்க்காவலன் உத்தரத்தையும் மின்விசிறியையும் கண்ணாடி அலமாரியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இம்புட்டுப் பெரிய வீட்டுல சாகுறதுக்கு நான் என்ன புண்ணியம் செஞ்சேனோ" என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. அந்த நாட்களில் அவர் சிரித்ததைப் போல அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. அவளும் சொந்த வீடு மாதிரி விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். அடுப்பு எரிந்தது, தாளிக்கிற வாசம் தெருவுக்கு வந்தது, கொடியில் துணி காய்ந்தது.

வினை அங்கேதான் வந்தது.

சிவகாசியில் அச்சகம் வைத்திருந்து, மகன்களிடம் விட்டுவிட்டு, சத்தமில்லாத ஊரில் மிச்ச காலத்தைக் கழிக்க நினைத்த சங்கரலிங்கமும் அவர் மனைவியும் காரில் அந்தப் பக்கம் போனார்கள். வரிசையாகப் பூட்டிய வீடுகளுக்கு நடுவில் ஒரு வாசலில் மட்டும் கோலம். ஜன்னலில் ஓர் ஆள் முகம். அந்த அம்மாள் காரை நிறுத்தச் சொல்லி, கேட்டில் தொங்கிய விற்பனைப் பலகையிலிருந்து போன் நம்பரைக் குறித்துக்கொண்டாள். வருசக்கணக்கில் விளக்கேற்றியும் விலை போகாத வீடு, ஒரு மனிதர் சாவதற்காக வந்து படுத்ததும் உயிருள்ள வீடாகத் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பிரீத்திகா பேசினாள். குரல் இழுத்தது. "அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு வேலை போயிருச்சு. அந்த வீட்டை நம்பித்தான் இருக்கோம். நாளைக்குப் பார்க்க வர்றாங்க. உங்களை நான் போகச் சொல்லமாட்டேன், சத்தியமா. ஆனா அவங்க முடிவு சொல்ற வரைக்கும் வீட்டுல… ஒண்ணும் ஆயிராமப் பாத்துக்கோங்கக்கா. ஏற்கெனவே அம்மா அப்படிப் போனதையே தயங்கித்தான் ஒத்துக்கிட்டாங்க."

"ஒண்ணும் ஆகாதும்மா. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் வள்ளித்தாய். எதைப் பார்த்துக்கொள்வாள் என்று சொன்னவளுக்கும் தெரியாது, கேட்டவளுக்கும் தெரியாது.

ஊர்க்காவலன் காதில் எல்லாம் விழுந்திருந்தது. "அவுக பாத்துட்டுப் போற வரைக்கும் நான் உசுரோட கெடக்கணுமாக்கும்?" என்றார். "சரி, கெடக்கேன். நல்ல பிள்ளை அது."

மறுநாள் மத்தியானம் அவருக்கு உடம்பு துடைத்து, வெள்ளை வேட்டி கட்டி, தலைசீவிவிட்டாள். இரண்டு வாய் கஞ்சி இறங்கியது. வெயில் தாழ்ந்ததும் கார் வந்து நின்றது. சங்கரலிங்கம் கூடத்துத் தரையைக் குனிந்து தட்டிப் பார்த்தார். அந்த அம்மாள் நேராகச் சமையலறைக்குப் போனாள். தேத்தண்ணிக்குத் தண்ணீரை வைத்துவிட்டு, ஜன்னல் வெயில் முகத்தில் அடிக்குமே என்று வள்ளித்தாய் முன்னறைக்குப் போனாள்.

அவர் போய்விட்டிருந்தார்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். நெஞ்சில் காது வைத்தாள். இத்தனை வருசமாக அவர் நெஞ்சுக்குள் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கரகரப்பு இல்லை. அடிவயிற்றிலிருந்து சத்தம் கிளம்பி வந்தது. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

"உள்ள யாரும்மா?" என்று அந்த அம்மாளின் குரல்.

முந்தானையை எடுத்தாள். "என் வீட்டுக்காரரும்மா. மேலுக்குச் சொகமில்ல. தூங்குதாரு."

அந்த அம்மாள் நிலைப்படி வரை வந்து எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பாவம், அசந்து தூங்குறாரு. எழுப்பிராதீக." திரும்பியவள், ஞாபகம் வந்த மாதிரி நின்றாள். "ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீக. அந்தப் பெரியம்மாவுக்குப் பெறகு இந்த வீட்டுல வேற ஒண்ணும் ஆகலையே?"

ஒரு வார்த்தை போதும். 'ஆயிருச்சு' என்று சொல்லிவிட்டு அவர் காலடியில் விழுந்து ஊரே கேட்க அழுதிருக்கலாம். அவர் கேட்ட வாசல் இதோ இருக்கிறது. கேட்ட அழுகை தொண்டையில் நிற்கிறது. வள்ளித்தாய் கட்டிலைப் பார்த்தாள். சிங்கப்பூரில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நினைத்தாள். காலனியில் ஒன்பது வீடு, கூட்டி வா என்று சொன்னது ஒரே ஒருத்தி.

"ஒண்ணும் ஆகலம்மா" என்றாள்.

அவர்கள் அவசரமில்லாமல் பார்த்தார்கள். குழாயைத் திறந்து பார்த்தார்கள், மாடிக்குப் போனார்கள், பூஜை அறையில் நின்று கும்பிட்டார்கள். வள்ளித்தாய் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். "மனுசன் பொழங்குற வீடு எப்படி இருக்கு பாத்தியா?" என்று சங்கரலிங்கம் மனைவியிடம் சொன்னதும் அவள் காதில் விழுந்தது.

கார் போனபின் கதவைச் சாத்தினாள். இப்போதும் அழ முடியாது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலையில்லாத கிழங்கள் கேட்டில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் வெளியே போனால் இருட்டுவதற்குள் சிவகாசி வரை போய்விடும். ஆட்டோக்காரன் பாண்டிராஜுக்குப் போன் போட்டாள். மயக்கம், ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றாள்.

தூக்கும்போதே பாண்டிராஜுக்குத் தெரிந்துவிட்டது. அவளைப் பார்த்தான். "அத்தே, மாமா…"

"தெரியும்லே. பேசாம தூக்கு."

ஆட்டோவில் அவரைத் தோளில் சாய்த்து, இடுப்பைச் சுற்றிக் கைபோட்டுப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் சாத்தூர் பஸ்ஸில் அவர் அவளை அப்படித்தான் பிடித்துக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டிலிருந்து, "எங்கன கெளம்பிட்டீக?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரிக்கு அண்ணாச்சி." "நல்லபடியா வாங்க." அந்த வாசலிலிருந்து ஊர்க்காவலன் கிளம்பினது இப்படித்தான்.

ஆஸ்பத்திரியில், வரும்போதே முடிந்துவிட்டது என்று எழுதினார்கள். மறுநாள் காலையில் திருப்பூரிலிருந்து ரோஜா வந்தாள். அப்பா என்று குரலெடுத்தவளை, மற்ற நோயாளிகள் இருக்கிறார்கள் என்று ஆயா அடக்கினாள். வெள்ளைத் துணியில் சுற்றி நேராகச் சுடுகாட்டுக்கு வண்டி போனது. முகத்தை ஒரு நிமிடம் திறந்து காட்டினார்கள். வள்ளித்தாய் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ஊரார் பிணங்களுக்கெல்லாம் வந்த சத்தம், முந்தைய நாள் முந்தானைக்குள் அடக்கியதோடு போய்விட்டது. அடுத்த வண்டி வந்து நின்றதால் இவர்களை நகரச் சொன்னார்கள்.

ரோஜாவை பஸ் ஏற்றிவிட்டு, துணிமூட்டையோடு பலவேசம் அண்ணாச்சி வீட்டுக்குத் திரும்பினாள். அவர் தானே வந்து கேட்டைத் திறந்தார். துக்கம் விசாரித்தார். உள்ளே போகப் போனவளை நிறுத்தி, அவள் நரைத்த தலையைப் பார்த்தபடி, "ஒனக்கு என்ன வயசாகுது வள்ளித்தாயி?" என்று கேட்டார்.

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. பிரீத்திகா.

"அக்கா, அட்வான்ஸ் போட்டுட்டாங்க! அண்ணன் எப்படி இருக்காரு?"

"நேத்துத் தவறிட்டாரும்மா."

"எங்கக்கா? எங்க வச்சு?"

"ஆஸ்பத்திரியில வச்சும்மா. வீட்டுல ஒண்ணும் ஆகல."

ஒரு பெருமூச்சு இறங்கியது. சுமையை இறக்கி வைத்தவள் விடுகிற மூச்சு. வள்ளித்தாய்க்கு அது தெளிவாகக் கேட்டது. அந்தப் பிள்ளை மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அப்புறம்தான் பிரீத்திகா உடைந்தாள். அண்ணே, அண்ணே என்று வாய்விட்டு, கேட்பாரைப் பற்றிக் கவலையில்லாமல், ஓவென்று அழுதாள். ஊர்க்காவலனுக்காக ஒருத்தி அடக்காமல் அழுதது அப்போதுதான்.

வள்ளித்தாய் முருங்கை மரத்தடியில் மூட்டையை வைத்துவிட்டு, அந்தப் பிள்ளை அழுது முடிக்கட்டும் என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.