கணக்குப் பரீட்சைக்கு வெளியே

எனக்குப் பேசத் தெரியாது, கத்தத்தான் தெரியும். இராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் வேலை. அந்த மெஷின் சத்தத்தில், பக்கத்தில் நிற்பவனை டீ குடிக்கக் கூப்பிடவே தொண்டை கிழிய வேண்டும். அதே தொண்டையோடுதான் வீட்டுக்கும் வருவேன். சாப்பிட உட்கார்ந்து "உப்பு எங்க?" என்று கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து உப்பு வரும். கோபமும் அதே கணக்குதான்.

எங்களுக்குப் பிறந்த மகளுக்கு என் தொண்டை, என் கோபம் இரண்டும் அப்படியே வாய்த்திருந்தன. ஒன்றரை வயது. நினைத்தது நடக்கவில்லையென்றால் முதலில் கீழுதடு பிதுங்கும், அப்புறம் முகம் சிவக்கும், அதற்கப்புறம் தெருவே வாசலுக்கு வந்துவிடும். ஒரு நாள் அவளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா, "எம்மா தாயே, இது பிள்ளையா, சூறாவளியா?" என்று திருப்பிக் கொடுத்தவள்தான். பிறகு எங்களைக் கண்டாலே கதவைச் சாத்தினாள்.

என் மனைவிக்குப் பிளஸ் டூவில் கணக்கு மட்டும் போயிருந்தது. அது தேறினால்தான் டீச்சர் டிரெயினிங் சேரலாம். ஒரு தடவை மசக்கையில் விட்டாள், அடுத்த தடவை பிரசவத்தில் விட்டாள். இந்தத் தடவை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சென்டர். மகள் இன்னும் தாய்ப்பாலை விடவில்லை. வைத்துக்கொள்ளவும் ஆள் இல்லை. நானே லீவு போட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு போனேன்.

பரீட்சை ஹால் வாசலில் நின்று சொன்னாள். "அவ அழுகுற சத்தம் கேட்டா எனக்குக் கை ஓடாது, எந்திரிச்சு வந்துருவேன். உங்க சத்தம் கேட்டாலும் வந்துருவேன். அவள வையிறீகன்னு அர்த்தம்."

"மூணு மணி நேரந்தான, போ!" என்றேன். பரீட்சைக்கு வந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எதிரே மரத்தடியில் உட்கார்ந்தேன். கொண்டுபோன பிஸ்கட் எல்லாம் மண்ணுக்குப் போனது. தூக்கினால் இறங்கணும், இறக்கினால் ஓடணும். அப்போதுதான் மகள் வராந்தாவைப் பார்த்தாள். சரஸ்வதிக்கு மரியாதை என்று எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போயிருந்தார்கள். ஓடிப் போய் நீல வார் வைத்த ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். வேறொரு ஜோடியிலிருந்து ஒரு செருப்பை இழுத்து வந்து என் கால்மாட்டில் போட்டு, "போடு" என்றாள்.

பொம்பளைச் செருப்பு. மாட்டேன் என்று தலையாட்டினேன். உதடு பிதுங்கியது. போட்டுக்கொண்டேன்.

அடுத்தது, அதற்கடுத்தது. கட்டை விரல் மட்டும் நுழைந்த செருப்பு, குதிகால் உயர்ந்த செருப்பு, வார் அறுந்து ஊக்கு மாட்டிய செருப்பு. கழற்றிக் கொண்டுபோய் ஜோடி சேர்த்து வைப்பேன், மறுபடியும் கொண்டுவருவாள். கக்கத்தில் இருந்ததை மட்டும் தொடவிடவில்லை. கையைக் கொண்டுபோனாலே முகம் சிவந்தது. மில்லில் மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தவன் நான். இங்கே ஒரு பொடிசு ஊரார் செருப்பையெல்லாம் என் காலில் மாட்டி அழகு பார்க்கிறது! வாயைத் திறந்தால் கணக்கு போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டினேன்.

வாட்ச்மேன் பார்த்துவிட்டார். "ஏலே, யாருலே நீ? பிள்ளையக் கூட்டிட்டு வந்தா செருப்புத் திருடுத?"

மெதுவாகப் பேசத் தெரிந்தால்தானே பதில் சொல்ல! ஹாலைக் காட்டினேன், மகளைக் காட்டினேன், வாயைப் பொத்திக் கும்பிட்டேன். அவர் முகம் இளகிவிட்டது.

"அடப் பாவமே, பேச்சு வராதா? கோவிச்சுக்கிடாதீக" என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "பேச்சு வாரவன் எவன் இப்படிப் பிள்ளையப் பாக்கான்?"

பரீட்சை முடிய செத்த நேரம் இருக்கும்போது என் மனைவி வராந்தாப் பானையில் தண்ணீர் குடிக்க வந்தாள். எங்கள் இரண்டு பேர் சத்தமும் கேட்காமல் போகவே எட்டிப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள். மகள் அம்மாவைப் பார்த்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. இவளோ என் காலில் செருப்பை மாட்டிக்கொண்டே "டாட்டா" என்று கையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். என் மனைவி ஒரு மாதிரியாக உள்ளே போனாள்.

மணி அடித்து வெளியே வந்தவளிடம் வாட்ச்மேன்தான் முந்திக்கொண்டார். "ஒங்க வீட்டுக்காரரு தங்கம், தாயி. பேச்சு வராட்டியும் எம்புட்டுப் பொறுமை!"

அவள் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தாள். கடைசிக் கணக்கும் போட்டுவிட்டாளாம். பிறகு முகம் சுண்டியது. "ஆனா இவ என்னையத் தேடவே இல்லையேங்க. டாட்டால்ல காட்டுனா."

அவள் குனிந்து தன் செருப்பைத் தேடினாள். நீல வாரில் ஒன்றுதான் கிடந்தது.

இரண்டு பேரும் மகளின் கக்கத்தைப் பார்த்தோம். கட்டின நாளிலிருந்து கூடவே நடக்கிறேன், எனக்கு அடையாளம் தெரியவில்லை. அத்தனை செருப்பிலும் அம்மா செருப்பை அவள் முதலிலேயே எடுத்துவிட்டாள்.

"ஏட்டி, அதத் தாடி!" மூன்று மணி நேரச் சத்தமும் சேர்ந்து வெளியே வந்தது. வாட்ச்மேன் கையிலிருந்த டீ கிளாஸ் கீழே விழுந்தது. மகள் அசையவில்லை.

"விடுங்க, அவகிட்டயே இருக்கட்டும்" என்று என் மனைவி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டி நடந்தாள். கணக்கு பாஸ் என்று ரிசல்ட் வந்த நாளில்கூட அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.