செமாபோக் சேறும் மூன்றாவது புள்ளியும்

காஜா பெராங் சாலையில் தோபி கடை வைத்திருந்த பொன்னுதுரைக்கு அரசியல் அழுக்குத் துணி வழியாகத்தான் வந்து சேர்ந்தது. பத்திரிகையும் படிப்பார். ஆனால் பத்திரிகைக்காரனுக்கு வேட்பாளர் சொன்னது மட்டுமே தெரியும், அவர் போன இடம் எனக்குத்தான் தெரியும் என்பார். வேட்டி ஓரத்தில் செம்மண் என்றால் ஆள் புக்கிட் பாருவுக்குப் போயிருக்கிறார். கறுப்புச் சேறு என்றால் செமாபோக். முழங்கையில் ரப்பர் மரத்துக் கித்தா பால் பிசுக்கு ஒட்டியிருந்தால், செங் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயங்களில் உட்கார்ந்து கோப்பி குடித்திருக்கிறார். சட்டைப் பையில் வெற்றிலைக் கறை இருந்தால் ஓட்டு உறுதி. ஓட்டுப் போட மனமில்லாதவர்கள் வெற்றிலை மடித்துக் கொடுப்பதில்லை.

செங் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, துரை பங்களாவில் இஸ்திரி போடக் கற்றுக்கொண்டவர் அவர். ஜப்பான்காரன் காலம் முடிந்ததும், கையில் இஸ்திரிப் பெட்டியும் பக்கத்தில் மனைவி அஞ்சலையுமாக டவுனுக்கு வந்தார். கடைக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர் அதே சாலையில் இருந்த சொக்கப்பன் செட்டியார். அந்த நன்றியைப் பொன்னுதுரை பத்து வருடமாகச் சத்தம் போட்டே காட்டிவந்தார்.

அப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு. அடுத்த வருடம் மெர்டேக்கா, சுதந்திரம் என்று நாடே பேசிக்கொண்டிருந்தது. காஜா பெராங்கில் அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருந்தது. டிசம்பரில் நகரசபைத் தேர்தல். கட்சி யாரை நிறுத்தப் போகிறது? கிளை உறுப்பினர்கள் கூடி ஓட்டுச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது என்று முடிவாகியிருந்தது. நின்றவர்கள் இருவர்: சொக்கப்பன் செட்டியார் ஒருவர், நான்கு மாதத்துக்கு முன் ஊருக்கு வந்த ஜெயபாலன் வாத்தியார் மற்றவர். இருவருக்கும் ஒரே உடல்வாகு, ஒரே வெள்ளைச் சட்டை, ஒரே தோபி.

ஆறு வாரம் பொன்னுதுரையின் கடை வாசல் பெஞ்சில் இடம் கிடைக்கவில்லை. அழுக்கு மூட்டையைப் பிரித்து, சட்டையின் கீழ்முனையைப் பிடித்துத் தூக்கி, காலர் உள்பக்கத்துக் குறியைப் பார்த்துவிட்டு அவர் தீர்ப்புச் சொல்வார். செட்டியார் செமாபோக்கை முழுக்க மிதித்துவிட்டார் என்று தொடங்கினார். இரண்டாவது வாரம் செட்டியார் மழையில் லயம் லயமாக ஏறி இறங்கினார். நான்காவது வாரம் கட்டைவண்டி ஒன்றைச் சேற்றிலிருந்து தள்ளிவிட்டிருக்க வேண்டும், தோளில் வண்டி மை இருக்கிறது என்றார். வாத்தியாரின் சட்டையையோ இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவார். கசங்கக்கூட இல்லை. சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே ஓட்டுக் கேட்கிற மனிதர் என்று சொல்லி, அதை இஸ்திரி போடாமலே மடித்து வைக்கலாமா என்று அஞ்சலையைக் கேட்பார். பெஞ்சு சிரிக்கும். வீடு வீடாக அழுக்குத் துணி வாங்கி ஒரே மூட்டையாகக் கட்டி வருவதும், குறி போடுவதும், வெளுத்த துணியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அஞ்சலையின் வேலை. அவள் சிரிக்கமாட்டாள். கடைப் பேச்சில் கலந்துகொள்வது அவள் வழக்கமில்லை.

செட்டியார்தான், இதில் மாற்றமில்லை, மாறினால் இந்தப் பெஞ்சைப் பிளந்து அடுப்பில் வைக்கிறேன் என்று பொன்னுதுரை சூளுரைத்தார். கூட்டத்தில் செட்டியார் பெயரை வழிமொழிவதும் அவரே என்று ஏற்பாடாயிற்று.

கூட்டத்தன்று ஞாயிற்றுக்கிழமைக் காலை நல்ல மழை. பெஞ்சு காலி. செட்டியார் குடையோடு மெல்ல நொண்டி வந்து தமது சட்டையைக் கேட்டார். பொன்னுதுரை நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“உக்காருங்க செட்டியாரே. செமாபோக் சேத்துல இந்த நடை நடந்தா முட்டி வலிக்காம என்ன செய்யும்?”

“செமாபோக்கா?” என்றார் செட்டியார். “நான் அங்க போயி மூணு வருசம் இருக்குமே. முட்டி வலின்னு ஆறு வாரமா ஆச்சி என்னைய வாசப்படி தாண்ட விடல.”

பொன்னுதுரை இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார்.

“ஆனா நீ சொல்றதெல்லாம் என் காதுக்கு வந்துச்சப்பா. நல்லா இருந்துச்சு. போயிட்டுத்தான் வந்தேன் போலன்னு எனக்கே ஒரு நம்பிக்கை வந்துருச்சு” என்று சொல்லிவிட்டு, சட்டையை வாங்கிக்கொண்டு செட்டியார் போய்விட்டார்.

பொன்னுதுரை அழுக்கு மூட்டையிலிருந்து சேறு படிந்த சட்டை ஒன்றை இழுத்தார். வழக்கம்போலக் கீழ்முனையைப் பிடித்துத் தலைகீழாகப் பார்த்தார்: ஒரு கோடு, மேலே இரண்டு புள்ளி. செட்டியார் குறி. பிறகு, ஆறு வாரத்தில் முதல்முறையாக, காலரைப் பிடித்துச் சட்டையை நேராகத் தூக்கிப் பார்த்தார். ஒரு கோடு, கீழே இரண்டு புள்ளி.

“அஞ்சலை, வாத்தியாருக்கு என்னா குறி போட்ட?”

“கோட்டுக்குக் கீழ ரெண்டு புள்ளி. செட்டியாருக்கு மேல, இவருக்குக் கீழ. ஏன்?”

“அப்ப இந்தச் சேறு?”

“வாத்தியாரு சேறுதான். ஆறு வாரமா நாந்தானே தொவைக்கிறேன்.”

“ஏண்டி சொல்லல?”

“நீங்க எங்க கேட்டீங்க? நீங்க பேசுறது அரசியலு, நமக்கு என்னா தெரியும்னு இருந்துட்டேன்” என்றாள் அஞ்சலை. இப்போது அவள் சிரித்தாள்.

 இனி இந்தத் தவறு நேரக்கூடாது என்று பொன்னுதுரை சேங்கொட்டையைக் குத்தி மை எடுத்து, ஜெயபாலனின் சட்டைகள் ஒவ்வொன்றிலும் மூன்றாவது புள்ளி வைத்தார். அந்த மை எதில் பட்டாலும் போகாது. அதற்காகத்தானே அதில் குறி போடுகிறார்கள். கடைசிச் சட்டையில் வைத்து முடித்தபோது மணி இரண்டு. கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் கூட்டத்துக்கு ஓடினார்.

தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் அறுபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். தலைவர் அடைக்கப்பன், செட்டியாரின் மைத்துனர். செயலாளர் நல்லையா தபால் ஆபீஸில் ஓய்வு பெற்றவர், முத்திரை சாய்ந்திருந்தாலே மனம் வாடுகிறவர். வழிமொழிய எழுந்த பொன்னுதுரை ஆறு வாரப் பேச்சில் எதை எடுத்தாலும் அது வாத்தியாருக்குப் போய்ச் சேர்வதைக் கண்டார். “செட்டியார் நல்ல மனுசர்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் வாழ்நாளிலேயே மிகச் சிறிய பேச்சு அதுதான். கிடைத்த கைதட்டல் மட்டும் பெரிது.

சீட்டில் இரண்டு பெயர்கள் இருந்தன. பொன்னுதுரை பென்சிலைப் பிடித்தபடி நெடுநேரம் இருந்தார். கடைக்கு இடம் தந்த மனிதர் ஒருபக்கம். மறுபக்கம் அந்தச் சேறு. சேறு அவரிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. கோடு போட்டார், மடித்தார், பெட்டியில் போட்டார். யாருக்குத் தெரியப் போகிறது?

எண்ணிக்கை முப்பத்தொன்று, முப்பத்தொன்று என்று நின்றது. நல்லையா கடைசிச் சீட்டைப் பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். வாத்தியார் பெயருக்கு நேரே கோடு. அதன் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு மசி.

அடையாளம் இட்ட சீட்டு செல்லாது என்பது விதி என்றார் நல்லையா. செல்லாவிட்டால் சமநிலை, சமநிலையென்றால் தலைவர் சொல்வதே முடிவு. தலைவர் யாரைச் சொல்வார் என்று மண்டபத்தில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் தபால்காரர் நியாயமானவர்: போட்டவர் எழுந்து, இது அடையாளமில்லை, தற்செயலாகப் பட்டது என்று ஒப்புக்கொண்டால் சீட்டை ஏற்கலாம் என்றார்.

பொன்னுதுரை கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். சும்மா இருந்தால் போதும். செட்டியார் வருவார், சூளுரை நிற்கும், பெஞ்சும் பிழைக்கும். எழுந்தால், ஊரே பார்க்க, வழிமொழிந்தவரையே கவிழ்த்த ஆள். நல்லையா மூன்று வரை எண்ணப்போவதாகச் சொன்னார். இரண்டு என்றபோது பொன்னுதுரை எழுந்து கையை விரித்துக் காட்டினார்.

“அது என்னுதுங்க ஐயா. சேங்கொட்டை மை. வெளுத்தாலும் போகாது.”

நல்லையா சீட்டை வாத்தியாரின் கட்டில் சேர்த்தார்: முப்பத்திரண்டு. ஆறு வாரமாக இவரிடம் ஏச்சு வாங்கிய ஜெயபாலன், யாரோ பின்னாலிருந்து பேசுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். பெண்கள் வரிசையில் அஞ்சலை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். எல்லோரும் செட்டியாரைப் பார்த்தார்கள்.

செட்டியார் காலை நீட்டி முட்டியைத் தடவினார். “நகரசபை ஆபீசு மாடியிலயாமே, நல்லையா. அம்புட்டுப் படி என்னால ஏற முடியாது. வீட்டுல சொல்லத்தான் பயந்துக்கிட்டு இருந்தேன்.” பிறகு பொன்னுதுரையைப் பார்த்து, “நாளைக்கு ஆச்சி துணி குடுத்துவிடுவா. என் சட்டைய மட்டும் நேராப் புடிச்சுப் பாருப்பா” என்றார்.

கதை அஞ்சலை மூலம் எப்படியோ ஊரெல்லாம் பரவிவிட்டது. திங்கட்கிழமை பெஞ்சில் முன்னைவிட நெரிசல். எப்பண்ணே விறகு பிளக்கப் போறீங்க என்று கேட்டார்கள். பொன்னுதுரை கொஞ்சமும் அசரவில்லை.

“செமாபோக் சேத்த மிதிச்சவன்தான் வருவான்னு ஆறு வாரமா சொன்னேனா இல்லியா? வந்தானா இல்லியா? பேரு ஒண்ணுதான் மாறிப்போச்சு. அதுக்குப்போய் யாராச்சும் பெஞ்ச எரிப்பாங்களா?”

அந்த வாரக் கடைசியில் வாத்தியாரின் சட்டை வந்தது. பொன்னுதுரை காலரைப் பிடித்துத் தூக்கினார். மூன்று புள்ளி. சட்டையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை, செம்மண் இல்லை, கசங்கக்கூட இல்லை. மறுபடி எண்ணினார். மூன்றுதான். அஞ்சலை தொட்டியருகே நின்று, என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று காத்திருந்தாள்.

அவர் சட்டையை மெல்ல மடித்து வைத்துவிட்டு பெஞ்சின் பக்கம் திரும்பினார். வேட்பாளர் ஆனபிறகு மனிதன் தெருத்தெருவாக அலைந்தால் மரியாதையா, நம் வாத்தியார் உட்கார்ந்து திட்டம் போடுகிறார் என்று ஆரம்பித்தார்.