கழுதை உதைத்த காரைப் பார்க்க வந்தவர்

எங்கள் கார் எங்களிடம் வரும்போதே கிழடு. ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்து, கொழும்பில் இரண்டு மூன்று பேர் ஓட்டிக் களைத்து, கடைசியாக மன்னார்த் தீவில் எங்கள் ஊரான பேசாலைக்கு வந்து சேர்ந்தது. நிறம் வெள்ளை என்றுதான் பதிவில் இருக்கிறது. கடற்காற்றில் கதவோரமெல்லாம் துருவேறி அங்கங்கே தேத்தண்ணி நிறமாகிவிட்டது. அதையெல்லாம் என் கணவரிடம் சொல்லக்கூடாது. இளவயதில் குடும்பத்தோடு இந்தியாவில் அகதி முகாமில் இருந்தவர் அவர். அங்கே தெருவோரம் நின்று போகிற வருகிற கார்களைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டவர். அங்கே பழகிய சொல்லையும் விடவில்லை. ஊரே கார் என்று சொல்ல அவர் மட்டும் "வண்டி" என்பார்.

அவருக்கு வலையும் கயிறும் மிதவையும் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. நான் மன்னார் நகரத்தில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறேன். வருடத்தில் ஒருமுறை, காரின் காப்புறுதியைப் புதுப்பிக்கும் காலத்தில், எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சண்டை வரும். நான் சொல்லப்போகும் வருடத்தில் அது வீட்டுக்குள் தொடங்கவில்லை, கோயில் வாசலிலேயே தொடங்கியது.

எங்களுக்குக் காப்புறுதி எடுத்துத் தருகிறவர் கோயில் பாடகர் குழுவில் என் கணவருக்குப் பக்கத்தில் நின்று பாடுகிற ஒரு தம்பி. ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் வைத்து, மெதுவான குரலில், புதுத் தொகையைச் சொன்னார். என் கணவர் பாடற் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"என்ன தம்பி, போன வருசத்தைப்போல ஒண்டரை மடங்கு சொல்லுறீர். வண்டிக்கு ஒரு வயசு கூடியிருக்கு. காசு குறைய வேணுமெல்லோ?"

"இல்லை அண்ணை. வெளிநாட்டில இருந்து புதுக் கார் இறக்க விடாமல் எத்தினை வருசம் வச்சிருந்தவங்கள். அதில பழசுகளுக்கு விலை ஏறிப்போச்சு. காருக்கு விலை ஏறினா இன்சூரன்சும் ஏறும். சாமானுகளும் நெருப்பு விலை."

"அப்ப கிழடாகக் கிழடாகப் பெறுமதி கூடுதோ?"

"காருக்கு அப்பிடித்தான் அண்ணை."

"மனிசருக்கு அப்பிடி ஒண்டும் இன்னும் வரேல்லையோ தம்பி?" என்று நான் கேட்டேன். தம்பி சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை.

அடுத்த கிழமை சாப்பிடும்போது, "இன்சூரன்ஸ் கட்டியாச்சு" என்றார்.

"ஃபுல்லோ?"

"ஃபுல்தான்" என்றார், தட்டில் கிடந்த பாரை மீனைப் பார்த்து.

அந்த மாதமே காருக்குப் புது ஹோர்ன் ஒன்று வந்தது. லொறிகளுக்குப் பூட்டுகிற வகை. ஒருமுறை அமத்தினால் எங்கள் ஒழுங்கையில் உள்ள நாய்களெல்லாம் எழும்பி நிற்கும். எதற்கு இது என்று கேட்டேன். பாதுகாப்புக்கு என்றார். கணவர் பாதுகாப்பில் கவனமாக இருக்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, உயிலங்குளத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டிலிருந்து புது நெல்லரிசி எடுத்துக்கொண்டு நான் தனியாகக் காரோட்டி வந்துகொண்டிருந்தேன். பாலம் கடந்து, நகரம் கடந்து, தாராபுரத்தையும் தாண்டியாயிற்று. நடு றோட்டில் ஐந்தாறு கழுதைகள் நின்றன. எங்கள் தீவில் கழுதைகள் றோட்டில் நிற்பது புதினமில்லை. அவை விலகும்வரை காத்திருப்பதுதான் வழக்கம். நானும் காத்திருந்தேன். அவற்றில் ஒன்று காரின் மூக்குக்கு நேரே பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு வெகு சாவதானமாக நின்றது. வெயில் கொளுத்தியது. எனக்கு அந்த லொறி ஹோர்னின் ஞாபகம் வந்தது.

அமத்தினேன்.

கழுதை திரும்பிப் பார்க்கவில்லை. நின்ற நிலையிலேயே இரண்டு பின்னங்கால்களையும் தூக்கி ஒரு உதை விட்டது. இடப்பக்க லைற் நொறுங்கி விழுந்தது. பம்பர் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. பிறகு எல்லாக் கழுதைகளும், நான் கேட்டுக்கொண்டதற்கு இணங்குவதுபோல, றோட்டை விட்டு விலகிப் போயின.

நான் பதறவில்லை. ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறதே. ஒரு மரநிழலில் காரை நிற்பாட்டிவிட்டுத் தம்பிக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை.

"தம்பி, கேக்குதோ?"

"கேக்குது அக்கா. கழுதைக்கு ஏதும் காயமோ?"

"அதுக்கென்ன, அது நல்லாத்தான் நடந்து போகுது."

"காயமெண்டாக் கொஞ்சம் வாய்ப்பிருந்தது."

"எனக்கு விளங்கேல்லை."

"அக்கா, நீங்கள் அண்ணையோட ஒருக்காக் கதைச்சிட்டு எடுக்கிறீங்களோ?"

அப்போதுதான் விளங்கியது. வற்புறுத்திக் கேட்டதும் தம்பி சொல்லிவிட்டார். என் கணவர் கட்டியது ஃபுல் இல்லை, தேட் பாட்டி, மூன்றாம் ஆளுக்கு மட்டுமான காப்புறுதி. நாங்கள் போய் யாரையாவது மோதினால் அவர்களுக்குத்தான் காசு கிடைக்கும். எங்கள் காருக்கு ஒரு சதமும் வராது. நான் கழுதையை மோதி, அதற்கு உரிமை கோரி ஒருவர் வந்திருந்தால் கம்பனி அவருக்குக் கொடுத்திருக்கும். கழுதை என்னை மோதியதற்கு ஒன்றுமில்லை.

"அக்காவுக்குச் சொல்லவேண்டாமெண்டு அண்ணை சத்தியம் வாங்கினவர்."

"மிச்சக் காசை என்ன செய்தவர்?"

"அந்த ஹோர்ன் பூட்டினவர் அக்கா."

நான் போனை வைத்துவிட்டு மரநிழலில் நெடுநேரம் இருந்தேன். முதலில் கோபம் வந்தது. பிறகு, வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடிப்பதை விட நல்ல வழி ஒன்று இருப்பதாகத் தோன்றியது. தம்பிக்குத் திரும்பவும் எடுத்து, எனக்கு விசயம் தெரியும் என்று அண்ணையிடம் சொல்லக்கூடாது என்று நானும் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டேன். பாவம், இரண்டு பக்கச் சத்தியத்தையும் சுமந்துகொண்டுதான் அவர் அடுத்த ஞாயிறு பாட வந்தார். சுருதி அவ்வளவாகச் சேரவில்லை.

வீட்டுக்கு வந்து காரை முற்றத்தில் விட்டேன். கணவர் கடையிலிருந்து வந்து பார்த்து, தலையில் கைவைத்தபடி நின்றார்.

"ஒண்டுக்கும் யோசிக்காதைங்கோ. ஃபுல் இன்சூரன்ஸ்தானே? ஆளை வந்து பார்க்கச் சொல்லுங்கோ" என்றேன்.

"இஞ்சேரப்பா, இந்தச் சின்ன விசயத்துக்கு ஏன் கம்பனியைக் கரைச்சல் படுத்துவான்?"

"அவைக்கு வருசம் வருசம் கட்டுறது இதுக்குத்தானே."

"ஒருக்காக் கேட்டா அடுத்த வருசம் கட்டுற காசில கழிவு தரமாட்டாங்கள்."

"கழிவு போனாப் போகட்டும். நாளைக்கே கதையுங்கோ. இல்லாட்டி நான் தம்பியோட கதைக்கிறன்."

"வேண்டாம், வேண்டாம். நானே கதைக்கிறன்" என்றார் அவசரமாக.

அன்றிரவு அவர் இரண்டு தரம் எழும்பித் தண்ணீர் குடித்தார். நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

அவர் இனி உண்மையைச் சொல்லிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். ஆனால் புதன்கிழமை பின்னேரம் வீட்டுக்கு ஒருவர் வந்தார். நீளக்கைச் சட்டை, கழுத்தில் ரை, கையில் அளவு நாடா. "கம்பனியில இருந்து ஐயா வந்திருக்கிறார்" என்று என் கணவர் முன்னால் ஓடிவந்து சொன்னார். எனக்கே ஒரு கணம் குழப்பமாகிவிட்டது. இல்லாத காப்புறுதிக்கு எங்கிருந்து ஆள் வரும்?

வந்தவர் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து பம்பரை அளந்தார். பிறகு லைற் இருந்த ஓட்டையை அளந்தார். நல்ல கம்பீரமான குரல்.

"கழுதை என்ன உயரம் இருக்கும் அம்மா?"

"என்ர இடுப்பளவு இருக்கும் ஐயா."

"தனிய நிண்டதோ, கூட்டமாயோ?"

"கூட்டமா."

"கம்பனி இதை ஏற்றுக்கொள்ளும்" என்று தீர்ப்புச் சொல்வதுபோலச் சொன்னார். பம்பரைத் தொட்டதால் கையெல்லாம் புழுதி. கை கழுவத் தண்ணீர் கேட்டார். நான் ஒரு பெரிய கோப்பையில் தண்ணீரும் துவாயும் கொண்டுபோனேன். அவர் இரண்டு கைகளையும் தண்ணீரில் நனைத்து, மெல்ல மேலே உயர்த்தி, விரல்களிலிருந்து துளிகள் வடியும்வரை எல்லாரும் பார்க்கும்படியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு ஆள் பிடிபட்டுவிட்டது. அந்த வருடத் தவக்காலத்தில் அடுத்த கோயில் பங்கில் நடந்த திருப்பாடுகளின் காட்சியில், இயேசுவைச் சாவுக்குக் கொடுத்துவிட்டுக் கை கழுவுகிற பிலாத்துவாக நடித்தவர். தாடி இல்லாததால்தான் முதலில் தெரியவில்லை. என் கணவரின் கடையில் வலை வாங்குகிற பழக்கத்தில் வந்த சிநேகிதர் என்று பிறகு அறிந்தேன்.

சிரிப்பை அடக்கிக்கொள்ள நான் குசினிக்குப் போய் வர வேண்டியிருந்தது. தேத்தண்ணியும் பணிஸும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஐயா, பின்கதவிலயும் ஒரு நெளிவு இருக்கு. அதையும் கம்பனி பார்க்குமோ?" என்று கேட்டேன். அது என் கணவர் பின்னுக்கு எடுக்கும்போது எங்கள் தென்னையில் மோதியது.

பிலாத்து என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தென்னையைப் பார்த்தார்.

"பார்க்கும் அம்மா."

"ஏசியும் வேலை செய்யுதில்லை. உதைச்ச அதிர்ச்சியிலயாக்கும்."

"இருக்கலாம் அம்மா."

"கதவோரத் துருவுக்கும் ஒரு பெயின்ற் அடிச்சா நல்லம்."

பிலாத்துவின் தொண்டையில் பணிஸ் சிக்கியது. "கம்பனி பெரிய மனசுள்ள கம்பனி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காரை மன்னாரில் உள்ள கராஜுக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் பார்த்துவிட்டு, புது லைற் கொழும்பிலும் கிடையாது, வேறு காரில் கழற்றியது ஒன்றை எடுக்கலாம் என்றார். அந்தக் கழற்றிய லைற்றின் விலையைச் சொன்னபோது என் கணவர் பக்கத்திலிருந்த ரயர் அடுக்கில் இருந்துவிட்டார். நானே ஏசியை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டு, "எல்லாத்தையும் செய்யுங்கோ. கம்பனி கட்டும்" என்றார். பிடிவாதக்காரர். ஆசை ஆசையாகப் பார்த்து வைத்திருந்த புதுப் போனை அவர் வாங்காமல் விட்டதை நான் கவனித்தேன்.

கார் வீட்டுக்கு வந்த நாளில் ரால் குழம்பு வைத்தேன். அவருக்குப் பிடித்தது. இரண்டு கவளம் உள்ளே போகும்வரை பொறுத்திருந்தேன்.

"இஞ்சேரப்பா, அந்த ஐயாவுக்கு ஒரு நன்றி சொல்ல வேணும். ஆண்டவரைச் சாகக் குடுத்த மனுசன், எங்கட காரைக் காப்பாத்திப்போட்டார்."

அவருடைய கை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது.

"எப்ப தெரியும்?"

"கை கழுவேக்க."

"தேட் பாட்டி?"

"அது கழுதை உதைச்ச அண்டைக்கே."

அவர் மெதுவாகக் கணக்குப் போடுவது தெரிந்தது. "அப்ப பின்கதவு? ஏசி? பெயின்ற்?"

"தெரிஞ்சுதான் கேட்டனான்."

கோபப்பட அவருக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால் சிரிக்கிறார். "அவன் வரமாட்டனெண்டுதான் சொன்னவன். ரை கூட என்ர கலியாண ரை" என்றார். எனக்கும் புரையேறியது.

அடுத்த முறை ஃபுல்லாகத்தான் எடுப்பது என்று முடிவாயிற்று. அதற்கு முன் கம்பனியின் ஆள் வந்து காரைப் பார்க்க வேண்டுமாம். வவுனியாவிலிருந்து ஒரு பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்தாள். என் கணவர் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்த பிறகுதான் கேற்றைத் திறந்தார். அவள் போனில் படங்கள் எடுத்து, அடிப்பக்கம் குனிந்து பார்த்து, "இந்த வயசுக்கு நல்லா வச்சிருக்கிறீங்கள் ஐயா. பெயின்றும் புதுசு. மதிப்பு நாங்கள் நினைச்சதை விடக் கூடத்தான் வரும்" என்றாள்.

மதிப்பு கூடியதால் கட்டணமும் கூடியது. தொகையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. ஆனால் என் கணவரின் முகத்தில் ஒரு வெளிச்சம். அந்தப் பிள்ளைக்குக் கருவாட்டுப் பார்சல் ஒன்று கட்டிக் கொடுத்து அனுப்பினார். அன்று பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அயல்வீட்டுக்காரரிடம் அவர் கதைப்பது எனக்குக் கேட்டது.

"உங்கட வண்டிக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு கட்டுறீங்கள்? அவ்வளவுதானோ? எங்கடதுக்கு அதைப்போல இரண்டு மடங்கு கேக்கிறாங்கள். என்ன செய்யிறது, அவ்வளவு பெறுமதி."