தினமும் ஒரு ஊசி

சிறுசேரி ஆபீஸுக்கு நான் கிளம்பும்போதெல்லாம் மகள் யாழினி என் காலைக் கட்டிக்கொண்டு அழுவாள். அதனால் போன மாதத்திலிருந்து ஒரே பொய்தான். "அம்மா ஊசி போட்டுக்கப் போறேன், நீயும் வர்றியா?"

உடனே காலை விட்டுவிடுவாள்.

இன்று தாம்பரத்தில் அவளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போனேன். யுகேஜி மிஸ் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இப்ப உடம்பு எப்படிங்க இருக்கு? டெய்லி ஊசியாமே! முப்பது பிள்ளைங்களும் தினமும் உங்களுக்காக ஜெபம் பண்றோம்."

முப்பது பிள்ளைகள்! உண்மையைச் சொல்லிவிட்டேன். மிஸ் சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

யாழினி சிரிக்கவில்லை. "அப்ப நீ சீட்டிங்கா?"

"இல்லடா செல்லம், அம்மா சும்மா சொன்னேன். சீட்டிங்னா விளையாட்டுல கண்ணை மூடாம எண்ணுறது. அடுத்தவங்க பொருளை ஏமாத்தி எடுத்துக்கறது."

"உனக்கு வலிக்கும்னு நான் அழுதேன்ல? அப்ப சீட்டிங்தான்."

ஆட்டோவில் வரும்போது, இனி உண்மையை மட்டுமே சொல்வேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

தலையை ஆட்டினாள். "சரி, நாளைக்கு ஜெபத்துல சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"அம்மாவுக்கு ஊசி நின்னுபோச்சு, சீட்டிங் மட்டும் இன்னும் சரியாகலன்னு."

நாளைக் காலை முப்பது பேர் எனக்காகக் கண்ணை மூடப் போகிறார்கள். நினைத்து நினைத்து இப்போதும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்களெல்லாம் வீட்டில் என்ன சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறீர்கள்? சீட்டிங் இல்லாமல் சொல்லுங்கள்.