கட்டிப்பால் ஏற்றிய வண்டி

மழை தூற ஆரம்பித்து, கண்ணாடிகளை ஏற்றி, ஏர்கானைப் போட்டதும் அது வரும். முதலில் லேசாக, யாரோ ஈரத்துணியை மூலையில் மறந்துவிட்டுப் போன மாதிரி. அடுத்த சிக்னலில் நிற்பதற்குள் வண்டி முழுக்க. புளித்த, ஈரமான, பாலும் தோலும் சேர்ந்து அழுகியது போன்ற ஒரு நெடி. மலாக்கா டவுனில் ஆபீஸ் போகிற நெரிசலில், பக்கத்துக் காரில் இருக்கிறவருக்குக் கேட்டுவிடுமோ என்று, வாசத்தைப் போய்ச் சத்தம் போல நினைத்துக் கூசிப்போவேன். இந்த வண்டியை வாங்கி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. இது பழைய கதை என்று நான் சொல்லித் தப்பிக்க முடியாது.

எனக்கு மலை ஏறுகிற பைத்தியம் நாற்பதுக்கு மேல் பிடித்தது. உடம்பில் சர்க்கரை என்றார்கள். டாக்டர் நடக்கச் சொன்னார். நான் நடந்தேன், நடந்து நடந்து டவுனின் ஓரத்துக்கு வந்துவிட்டேன், அங்கேயும் நிற்கத் தெரியவில்லை. மலை, அருவி, ஆற்றங்கரை, கூடாரம், தூண்டில் என்று சனிக்கிழமைகள் என்னை இழுத்துக்கொண்டு போயின. விடியுமுன் எழுந்து தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு மரங்களுக்குள் நுழைவேன். இதையே என் அம்மா கூலிக்குச் செய்தார் என்பது ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும். ஒவ்வொரு முறையும் அதை வழியிலேயே இறக்கிவிட்டு மேலே ஏறுவேன்.

என் பழைய கார் தாழ்ந்த கார். செம்மண் பாதையில் வயிற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டு முனகும். உயரமான வண்டி வேண்டும் என்றேன். மனைவி டவுனில் பிறந்து வளர்ந்தவள், அவள் கணக்கு வேறு.

"உங்க காட்டுக்கு வாரத்துல ஒரு நாளு. மத்த நாளெல்லாம் பசாரு, ஸ்கூலு, கோயிலு. எங்கம்மா சேலையோட ஏறணும். பார்க்கிங்ல நொழையணும். வண்டி எண்ணெய் ரொம்பக் குடிக்கக் கூடாது. அப்பறம் நீங்க எந்த மலைய வேணும்னாலும் பாருங்க."

டவுனில் பழைய வண்டி விற்கிற இடங்களில் அலைந்தோம். டயருக்கெல்லாம் கறுப்பு மெருகு பூசி, உள்ளே எலுமிச்சை வாசனை தொங்கவிட்டு நிறுத்தியிருந்தார்கள். பாதி வண்டிகள் பார்க்கத்தான் முரடு. உயரம் இருக்கும், தோள் இருக்கும், பின்சக்கரம் இழுக்காது. சேற்றில் விட்டால் டவுன் மாப்பிள்ளை மாதிரி நின்றுவிடும். நிஜமான ஃபோர்வீல் என்றால் விலை மலை உச்சியில் இருந்தது. கடைசியில் ஒரு விளம்பரம் கைப்பேசியில் கண்ணில் பட்டது. நியாலாஸ் பக்கம். பதினைந்து வருட வண்டி, கியர் வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கும், ஒரே கை, வாங்கியவரே விற்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் போனோம்.

செம்பனைத் தோப்பு முடிகிற இடத்தில் ஒரு வரிசை வீடுகள், தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்கென்று கட்டியவை. கடைசி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் விற்பவர் உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்குகிறவர். இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை. சர்க்கரை தின்றுவிட்டது என்று அவரே சொன்னார், பக்கத்து வீட்டு நாயைப் பற்றிச் சொல்வது போல.

"கிளச் மிதிக்கிற காலு போயிருச்சி சார். வலது காலு போயிருந்தா இவளையே ஏறி மிதிக்கச் சொல்லிருப்பேன்."

"ஏன், வாயி போயிருக்கக் கூடாதா?" என்றார் அவர் மனைவி, காப்பித் தட்டோடு வந்தபடி.

விஷயம் அதற்குள் விளங்கிவிட்டது. அவருக்கு வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் யாரையாவது கெஞ்சித்தான் போய் வருகிறார்கள். அந்தம்மா இந்த வயதில் லைசென்ஸ் எடுத்திருக்கிறார், கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். இதை விற்றால்தான் சின்னதாக ஒரு ஆட்டோ காடி, கியர் மாற்றத் தேவையில்லாத கார், வாங்கலாம். விளம்பரம் போட்ட நாளிலிருந்து நிறையப் பேர் வந்து பார்த்தார்களாம், பின்கதவைத் திறந்ததும் போய்விட்டார்களாம். அதை அவர் சொல்லவில்லை. அந்தம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டு, காப்பி ஆறிவிடும் என்று பேச்சை மாற்றினார்.

மனைவி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, தன் அம்மா ஏற முடியுமா என்று ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்பக்கம் போனேன். அந்தம்மா கூடவே வந்தார். கதவைத் தூக்கினேன்.

எனக்கு முன்னால் என் உடம்பு அதைக் கண்டுகொண்டது. லயத்து வாசல், ஈரச் சாக்கு, பள்ளிப் பேருந்தில் ஜன்னலோரம் நெருங்கி உட்கார்ந்துகொண்டு என் சட்டையை நானே மோந்து பார்த்த காலைகள், பால்மரம் வெட்டிவிட்டு வந்து குனிந்த அம்மாவின் தலைமயிர். எல்லாம் ஒரே மூச்சில் வந்து நின்றன. புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டத்தில் பதினேழு வயதுவரை நான் சுவாசித்த காற்று அதுதான். நான் தோட்டத்துப் பிள்ளை என்று மனைவிக்குத் தெரியும். எவ்வளவு தோட்டம் என்று தெரியாது. எஸ்டேட்டில் வேலை என்று அப்பாவைப் பற்றிச் சொன்னதை அவர்கள் வீட்டில் ஆபீஸ் வேலை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

"டுரியான் பழம் ஏத்துனோம் சார்," என்றார் அந்தம்மா அவசரமாக. "சீசன்ல. அந்த வாசந்தான்."

அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஏன் சொல்கிறார் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். டுரியான் நாற்றத்தில் அவமானம் கிடையாது. நான் தலையாட்டியிருக்கலாம். ஆட்டவில்லை.

"டுரியான் இப்படியா நாறும்? ஏதோ செத்துக் கெடந்த மாரி இருக்கே."

அவர் தன் முந்தானையை எடுத்து விரலில் சுற்றினார். "கட்டிப்பால் சார்," என்றார், ரொம்பத் தணிந்த குரலில்.

"கட்டிப்பாலா? அப்டின்னா?"

விலையைக் குறைப்பதற்காகச் சொன்னேன் என்றால் அதிலாவது வியாபாரி என்ற பேர் மிஞ்சும். இல்லை. விலையை நினைக்கும் முன்பே நாக்கு சொல்லிவிட்டது. அது அங்கேயே, தயாராக, எத்தனையோ வருடமாக யாராவது கேட்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்த மாதிரி.

அந்தம்மா எனக்குப் பாடம் எடுத்தார். பொறுமையாக, டவுன்காரருக்குப் புரிய வேண்டுமே என்ற கவலையோடு.

"பால்மரம் இருக்குல்ல சார், ரப்பரு. வெட்டுனா பாலு வடியும். கப்புலயே விட்டுட்டா ஒறஞ்சி கட்டியாயிரும், இத்தாம் பெரிசு." உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார். "மலாய்க்காரரு ஒருத்தரோட துண்டு நெலத்த வெட்டிட்டிருந்தோம் சார், பாதிப் பங்கு. சாக்குல கட்டி இதுலதான் ஏத்திட்டுப் போவோம். தண்ணி வடியும். கார்ப்பெட்டுல எறங்கிருச்சி. நாங்க மூக்கு பழகிட்டோம், தெரியல."

"ஓ," என்றேன். எவ்வளவு அழகாகச் சொன்னேன் அந்த ஓ-வை. அருவிக்கு வரும் வெளிநாட்டுக்காரனைப் போல. பிறகு அந்த நாற்றத்தையே பிடித்துக்கொண்டு, நாற்காலியில் இருந்தவரிடம் போய், குடும்பத்தை இதில் எப்படி ஏற்றுவது, கார்ப்பெட்டையே மாற்ற வேண்டும் என்று நீட்டி, விலையைக் கீழே இறக்கச் சொன்னேன். அவர் தாடையைத் தடவினார்.

"மொதல்ல ஓட்டிப் பாருங்க சார். அப்பறம் கோவப்படுங்க."

ஊன்றுகோலைக் காலடியில் போட்டுக்கொண்டு அவர் என் பக்கத்தில் ஏறினார். மனைவி பின்னால். வண்டி நன்றாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஸ்டியரிங் கனம், ஆனால் நேர்மை. செம்மண் பாதையில் இறங்கினோம். லாரித் தடங்களில் சேறு தேங்கியிருந்தது. ஃபோர்வீல் கம்பியைத் தள்ளினேன், நகரவில்லை.

"கொஞ்சம் வெக்கப்படும் சார். ரிவர்ஸ் போட்டுட்டு தள்ளுங்க."

தள்ளினேன். நான்கு சக்கரமும் சேற்றைப் பிடித்து இழுத்தன. எனக்குள் ஒரு சின்னப் பையன் சந்தோஷப்பட்டான்.

"எதுக்கெல்லாம் ஓட்டுவீங்க அண்ணே?" என்று மனைவி பின்னாலிருந்து கேட்டாள்.

"கோயிலுக்கும் பசாருக்கும் மட்டுந்தாம்மா."

"அப்ப பின்னாடி நாறுறது பிரசாதமா?"

அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அவரும் பொய்தான் சொன்னார். ஏர்கான் ஐஸ் மாதிரி வரும் என்றதும் பொய். அவர் பொய்கள் வண்டியைப் பற்றியவை. அவற்றைச் சொல்லும்போது அவர் கண்ணைச் சிமிட்டினார்.

பாதை வளைந்தது. செம்பனை நின்று, ஒரு பழைய மரத்தடியில் தகரக் கூரை போட்ட முனியாண்டி கோயில் வந்தது. சிவப்புத் துணி, நட்டுவைத்த சூலம், முன்னால் யாரோ வைத்துவிட்டுப் போன சுருட்டு, கறுப்பு பீர் போத்தல். நான் எதையும் யோசிக்கவில்லை. சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை எழுந்து ஆரனை இரண்டு தடவை அழுத்தியது. குட்டைக் குட்டையாக. காலும் தானாக ஆக்சிலேட்டரிலிருந்து கொஞ்சம் எழும்பி வேகத்தைக் குறைத்தது.

எல்லையில் முனியைத் தாண்டும்போது இப்படித்தான் அடிப்பார்கள், எங்கள் தோட்டத்து லாரிக்காரர்களும். அடிக்காமல் போனால் வண்டி திரும்பி வராது. பின்னால் நிற்கும் நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். டவுனில் இருபது வருடமாகக் கார் ஓட்டுகிறேன், எத்தனையோ கோயில்களைத் தாண்டியிருக்கிறேன், ஒரு நாளும் கை எழுந்ததில்லை. அன்றைக்கு, அந்த நெடிக்குள் உட்கார்ந்து, என் கை என்னைக் கேட்கவில்லை.

பக்கத்தில் இருந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல. ஸ்டியரிங்கில் இருந்த கையை.

"ஏன் ஆரன் அடிச்சீங்க?" என்றாள் மனைவி. "ரோட்டுல யாருமே இல்லையே."

எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது. தேவையில்லாமல் கியரை மாற்றினேன்.

"கொரங்கும்மா," என்றார் அவர். "குறுக்க பூந்துச்சி. நீங்க கவனிக்கல."

"எங்க?"

"போயிருச்சி. கொரங்கு நிக்குமா?"

மனைவி இல்லாத குரங்கை ஜன்னல் வழியே தேடினாள். அவர் முன்னால் பார்த்தபடியே, கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்: "கிளச்ச மெதுவா விடுங்க தம்பி. பழைய வண்டி."

காலையிலிருந்து நான் சார். அந்தச் செம்மண் பாதையில், முனிக்குப் பிறகு, தம்பி. அவர் அதில் அழுத்தம் எதுவும் வைக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பினால் அந்தம்மா வாசலில் நின்றிருந்தார். கையில் வேலியோரம் அறுத்த, வாசனைக்கு வைக்கிற பாண்டான் இலைக் கட்டு, நாரால் கட்டியது. இன்னொரு கையில் கிண்ணம் நிறைய வெட்டிய எலுமிச்சை. நான் இறங்குவதற்குள் பின்கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, கார்ப்பெட்டை எலுமிச்சையால் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

"இந்த எலைய வச்சா வாசம் கொறையும் சார். நாளைக்கு வெயில்ல காயப்போட்டு மறுபடியும் கழுவித் தரேன். நாத்தத்துக்காக வேணாம்னு சொல்லிறாதீங்க."

நாற்றம் என்ற சொல்லை அவருக்கு நான்தான் கொடுத்தேன். அதை வாங்கி வைத்துக்கொண்டு, தன்னுடையது போலவே, முழங்கை வரை அதில் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா, எங்கம்மாவும் பால்மரந்தான் வெட்டுனாங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. மனைவி பக்கத்தில் நின்று மூக்கைக் கைக்குட்டையால் மூடியிருந்தாள். அந்த வாக்கியம் தொண்டைவரை வந்து, கைக்குட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"நீங்க மொதல்ல சொன்ன வெலையே இருக்கட்டும்," என்றேன்.

மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். விற்பவர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"ஏ, உள்ள போயி வண்டிப் பத்திரத்த எடுத்தா. மனசு மார்றதுக்குள்ள."

அந்தம்மா எலுமிச்சைக் கையோடு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "ரொம்ப நல்ல மனசு சார் உங்களுக்கு."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். இது ஒட்டிக்கொண்டது. திரும்பும் வழியில் மனைவி ஏன் குறைக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இஞ்சின் நன்றாக இருக்கிறது என்றேன். மலாக்கா வரைக்கும் இஞ்சினைப் பற்றியே பேசினேன்.

பேங்க் வேலைகள் முடிந்து வண்டியை எடுக்கப் போன அன்று, மனைவி என்னை இறக்கிவிட்டு, பழைய காரிலேயே சாலையோரம் காத்திருந்தாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வண்டியைக் கழுவி, உள்ளே பாண்டான் கட்டு புதிதாக வைத்திருந்தார்கள். டாஷ்போர்டில் இருந்த பிள்ளையாரைப் பிய்த்தெடுத்த இடத்தில் வட்டமாகப் பசைத் தடம். பிள்ளையார் அந்தம்மாவின் கையில், மஞ்சள் துணியில். சாயங்காலம் அவர்கள் பேசிவைத்த சின்ன காடி வந்துவிடும். அதில் ஒட்ட வேண்டும் என்றார்.

சாவியை வாங்கிக்கொண்டேன். இப்போது மனைவி இல்லை, கைக்குட்டை இல்லை, யாரும் இல்லை.

"அக்கா, நான்..."

"சொல்லுங்க சார்."

அவர் முகம் அவ்வளவு ஆவலாக, அவ்வளவு பயமாக இருந்தது. இந்தக் கடைசி நிமிடத்தில் ஏதாவது குறை சொல்லிவிடுவேனோ என்ற பயம். என்னைப் பார்த்து அப்படிப் பயப்படுகிற ஒருவரிடம் நானும் உங்கள் ஆள்தான் என்று எந்த வாயால் சொல்வது.

"ஒன்னுமில்ல. வரேன்."

ஏறி இஞ்சினைக் கிளப்பினேன். அவர் ஜன்னலருகே வந்து குனிந்தார்.

"சார், மழ பேஞ்சா மறுபடியும் வாசம் வந்தாலும் வரும். கோவிச்சிக்காதீங்க."

அவருக்குப் பின்னால், நாற்காலியிலிருந்து, அவர் கணவர் சொன்னார்:

"அவரு ஏன் கோவிச்சிக்கிறாரு? அவருக்குப் பழகுன வாசந்தான். கெளம்புங்க தம்பி, மழ வருது."