பிரிட்ஜ் முன்னால் ஒரு ஜோடி செருப்பு

போன கோடையில் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மல்லசமுத்திரம் பக்கம் இருக்கும் என் கணவரின் தோட்டத்து வீட்டுக்குக் குடிவந்தோம். கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுப்பது என் வேலை. மற்ற சாமான்கள் எப்படியோ போகட்டும் என்று கம்ப்யூட்டரை மட்டும் போர்வையில் சுற்றி, காரில் என் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன்.

வந்ததும் மாமியார் சொன்ன முதல் விஷயம், "பிரிட்ஜத் தொறக்கறப்ப அந்தச் செருப்பப் போட்டுக்க சாமி" என்பதுதான். பிரிட்ஜ் முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. ரொம்பச் சுத்தம் பார்ப்பார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் தரையைத் துடைத்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு வயரெல்லாம் மாட்டி பட்டனை அழுத்தினேன். மூச்சே இல்லை. அதே பிளக்கில் டேபிள் ஃபேன் ஓடியது. கழற்றிக் கழற்றி மாட்டினேன், ம்ஹூம். மடியில் வைத்துக் கொண்டுவந்ததற்கு இதுதான் மரியாதையா என்று எரிச்சல். சேலத்துக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். "சி.பி.யு. கேபினட் பின்னாடி சின்னதா ஒரு சுவிட்ச் இருக்குதுங்க அக்கா. தூக்கறப்ப ஆஃப் ஆயிருக்கும், பாருங்க" என்றார்.

ஈரத் தரையில் வெறுங்காலோடு குந்தி, பின்னால் கையை விட்டேன். தோள்வரை சுரீரென்று அடித்தது.

கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று டெஸ்டரைக் கேபினட்டில் வைத்தேன். எரிந்தது. பிளக் சுவிட்சை அணைத்தேன். அப்போதும் எரிந்தது. ஏதோ தோன்ற, பிரிட்ஜ் கதவில் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் எரிந்தது. செருப்பு எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

குளியலறையில் என் மகள் பாடிக்கொண்டிருந்தாள். உள்ளே ஹீட்டர், இரும்புக் குழாய், ஈர உடம்போடு பிள்ளை.

ஓடிப்போய் மெயினை இழுத்துவிட்டேன். வீடு இருட்டாகிவிட்டது. பாட்டும் நின்றிருந்தது. விளக்கு அணைந்ததால் நின்றதா, அதற்கு முன்பே நின்றுவிட்டதா என்று தெரியவில்லை. கதவை இரண்டு கையாலும் தட்டினேன்.

"ஏம்மா, கரண்டு போயிருச்சா?" என்று சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகுதான் தெரிந்தது, மாட்டுக் கொட்டகை லைட்டுக்கு நியூட்ரல் வயர் எப்போதோ அறுந்திருக்கிறது. தோட்டங்காட்டில் செய்கிற பழக்கத்தில், வீட்டு எர்த் வயரில் கொடுத்து எரியவிட்டிருக்கிறார்கள். கோடையில் எர்த் குழி காய்ந்து, கரண்ட் மண்ணில் இறங்க முடியாமல்போக, அந்த லைட்டைப் போடும்போதெல்லாம் எர்த் போகிற பொருளிலெல்லாம் அது ஏறியிருக்கிறது. "லேசாத்தான சாமி சுருக்குங்கும், பழகிப்போச்சு" என்ற மாமியார், பேத்தியை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

எலக்ட்ரீஷியன் வந்து எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு, அந்தச் சின்ன சுவிட்சைத் தட்டினேன். கம்ப்யூட்டர் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. முதல் தடவையே ஓடியிருந்தால் நான் அதன் பின்னால் கையை விட்டிருக்கவே மாட்டேன். செருப்பைத் தூக்கிப் போட்டாயிற்று. ஆனால் இன்றும் குளியலறையில் பாட்டு நின்றால் மகளைக் கூப்பிட்டுவிடுகிறேன், அவள் "என்னம்மா இப்ப?" என்று சலித்துக்கொள்ளும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.