துரைசாணியம்மா பாஸ்போர்ட்டில் நான் வைத்த மஞ்சள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றோ அறுபத்திரண்டோ இருக்கும். கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில், ஒரு வெள்ளைக்கார டீச்சரம்மா வீட்டில் வேலை பார்த்தேன். எங்கள் ஊரான கூக்காலில் நாங்கள் போட்ட பூண்டு இரண்டு போகம் தொடர்ந்து மழையில் அழுகிப் போனதால் வந்த வேலை. வேலை என்றால் பாத்திரம் தேய்க்கிற வேலை இல்லை. பீரோச் சாவி, சாமான் அறைச் சாவி எல்லாம் என் இடுப்பில்தான் இருக்கும். சமையல்காரர் சீனி எடுப்பதென்றாலும் என்னைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, மறைக்கவில்லை.

துரைசாணியம்மா நம் ஊருக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தமிழ் பேசுவார், புத்தகத்தில் அச்சடித்த மாதிரிப் பேசுவார். அந்த வருஷம் ஐப்பசியில், தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று அவர் தேசத்திலிருந்து கடிதம் வந்தது. உடனே கிளம்ப வழியில்லை. பாஸ்போர்ட்டின் கெடு முடிந்துபோயிருந்தது. அதைப் புதுப்பித்தால்தான் கப்பலில் ஏற விடுவார்களாம். மெட்ராசில் இருந்த அவர்கள் நாட்டு ஆபீசுக்கு அனுப்புவதற்காக விண்ணப்பப் பாரம் எழுதி, போட்டோ வைத்து, பாஸ்போர்ட்டையும் சேர்த்து ஒரு கவரில் போட்டு என்னிடம் தந்தார்.

"ஆயா, இதை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடு. நான் என் தாயைப் பார்க்க வேண்டும்" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் பக்கம், நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டிய காகிதம் எதையும் நாலு மூலையில் மஞ்சள் வைக்காமல் அனுப்ப மாட்டோம். இது எவ்வளவு பெரிய காரியம்! சாமான் அறைக்குள் போய் மஞ்சளைக் குழைத்தேன். பாரத்துக்கு நாலு மூலை வைத்தேன். பாஸ்போர்ட்டைத் திறந்து, அம்மா படம் இருந்த பக்கத்துக்கும் நாலு மூலை வைத்தேன். முருகனை வேண்டிக்கொண்டு மூடி, கவரை ஒட்டித் தபாலாபீசில் கொடுத்துவிட்டு வந்தேன். அடைமழைக் காலம். துவைத்துப் போட்ட துணியே அந்த மலையில் நாலு நாளைக்குக் காயாது. ஈர மஞ்சள் என்ன ஆகும் என்கிற யோசனை எனக்கு வரவில்லை.

இருபது நாள் கழித்துக் கவர் திரும்பி வந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, படத்தின் மேல் மஞ்சள் பரவி, கையெழுத்து மை கலங்கிக் கிடந்தது. இந்தப் புத்தகம் செல்லாது, எப்படி இந்தக் கதி ஆயிற்று என்று விளக்கம் எழுதி, புதிதாக எல்லாம் அனுப்ப வேண்டும் என்று பதில் எழுதியிருந்தார்கள்.

அம்மா அதைச் சமையலறை மேசையில் வைத்து, "இது எப்படி நேர்ந்தது?" என்று கேட்டார். அதட்டவில்லை.

சமையல்காரர் பதறிப்போனார். "மஞ்சப்பொடி டப்பா எங்கிட்ட கெடக்குங்கிறதுக்காக எம்மேல சந்தேகப்படாதீங்கம்மா. அந்தக் கவர நான் கண்ணால கூடப் பாக்கல" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏந்தாயி, நீதான கொண்டுபோன? வாயத் தெறந்து சொல்லேன்."

"எனக்கென்ன தெரியும்? குடுத்தத அப்படியே கொண்டுபோயிக் குடுத்தேன். தபாலாபீசுல எதுமேல வச்சாங்களோ" என்றேன்.

"ஆமா, தபாலாபீசுல கொழம்பு கூட்டுறாங்க பாரு!" என்றார் அவர்.

அம்மா சிரிக்கவில்லை. விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தார். முடித்ததும் எங்கள் இருவரையும் பார்த்து, "என் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறேன். மன்னிப்பும் கேட்டிருக்கிறேன்" என்றார். நான் விறகு எடுக்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

மேலே கொடைக்கானலுக்குப் போய்ப் புதுப் போட்டோ எடுத்துவந்து, எல்லாம் தயாரானதும் அம்மாவே கவரை ஒட்டினார். சமையல்காரர் அப்போது கடைக்குப் போயிருந்தார். அம்மா கவரை என்னிடம் நீட்டி, மெதுவாகச் சொன்னார்:

"ஆயா, உனக்கு விருப்பமானால் இந்த முறை கவரின் மேலே வை. உள்ளே வேண்டாம்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பத்து வருஷத்தில் எத்தனை கல்யாணப் பத்திரிகை வாங்கியிருப்பார்! நாலு மூலை மஞ்சளைக் கண்டதுமே அவருக்குப் புரிந்திருக்கும். சமையல்காரர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல், யாரும் இல்லாத நேரம் பார்த்து, நானாகச் சொல்வதற்கு இடம் கொடுத்தார். 'நான்தாம்மா, தெரியாமச் செஞ்சிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூட இருந்து அழக்கூடச் செய்திருப்பார்.

நான் நிமிர்ந்து நின்றேன். "எதச் சொல்றீங்க? எனக்கு வெளங்கலையே. மழ வர்றதுக்குள்ள வெரசா போயிட்டு வந்திர்றேன்" என்றேன்.

அம்மா கவரை என் கையில் வைத்தார். "சரி, போய் வா" என்றார்.

புதுப் பாஸ்போர்ட் வந்து சேர்வதற்கு ஒரு வாரம் முன்னாலேயே தந்தி வந்துவிட்டது. தாயார் போய்விட்டார். பாஸ்போர்ட் வந்த அன்று, கவரைப் பிரிக்காமலே என்னிடம் கொடுத்து, பீரோவில் வைக்கச் சொன்னார். சாவி என்னிடம்தானே இருந்தது. வைத்துப் பூட்டினேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அங்கே இருந்தேன். பீரோவைத் திறக்கிறபோதெல்லாம் அந்தக் கவர் கண்ணில் படும். அவர் கடைசிவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அறியாமல் மஞ்சள் வைத்ததை என் பிள்ளைகளிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு நான் சொன்ன பொய்யை இன்றுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் என்னை யாருக்கும் தலை குனியாதவள் என்று சொல்வார்கள். குனிய வேண்டிய இடத்தில் குனியாமல் நின்றதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.